சாப்பிடாமல் போட்ட கையெழுத்து

கை கழுவும் குழாயடியில் யாழினி என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள். நாலாம் வகுப்பு. எங்கள் பள்ளித் தோட்டத்தில் கீரைக் குழுவுக்கு அவள்தான் தலைவி.

"மிஸ், இன்னிக்குக் கீரைல ஒரு புழுகூட இல்ல, பாத்தீங்களா?"

"அப்படியா? சமத்து. எப்படிடி?"

"நான்தான் மிஸ். காலைல பறிச்ச உடனே மருந்துத் தண்ணில முக்கி எடுத்துட்டேன். புழுவெல்லாம் செத்து மெதந்துச்சு."

சொல்லிவிட்டு, நான் பாராட்டப் போகிறேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்தக் கீரையை நாற்பத்தோரு பிள்ளைகள் சாப்பிட்டு முடித்துப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. தட்டுகள் குழாயடியில் ஈரத்தோடு கிடந்தன. ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்று சட்டைக் கையில் வாயைத் துடைத்துக்கொண்டு என்னைக் கடந்து ஓடியது.

இந்தத் தொடரில் இதுவரை என் அசட்டுத்தனங்களை எழுதி உங்களைச் சிரிக்க வைத்திருக்கிறேன். இந்த ஒன்றை மட்டும் வாராவாரம் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இதில் நான் அசடு மட்டும் இல்லை, பொய்யும் சொன்னேன்.

கரிக்கிற மண்

கொரோனாவுக்குப் பிறகு பள்ளிகள் திறந்து ஓரிரு வருடம் ஆகியிருக்கும். மரக்காணத்துக்குப் பக்கத்தில் ஒரு தொடக்கப்பள்ளிக்கு என்னை மாற்றியிருந்தார்கள். முன்பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலை, பின்பக்கச் சுவரைத் தாண்டினால் உப்பளம். வகுப்பு ஜன்னலில் வந்து விழும் வெளிச்சமே கண்ணைக் கூசும். பிள்ளைகளில் பாதிப் பேரின் அம்மாக்கள் உப்பளத்தில் வேலை செய்பவர்கள். மீதிப் பேரின் அப்பாக்கள் கடலுக்குப் போகிறவர்கள்.

பள்ளியில் காய்கறித் தோட்டம் போட வேண்டும், அதை வைத்தே பிள்ளைகளுக்குச் செடி, விதை, பூச்சி, மண் எல்லாம் சொல்லித்தர வேண்டும் என்றார்கள். எனக்கு ஒரே குஷி. நான் பெருமுக்கல் பக்கத்துப் பெண். வீட்டில் வேர்க்கடலையும் நெல்லும். எனக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று தலைமை ஆசிரியரிடம் மார்தட்டிக்கொண்டேன்.

மண்ணைக் கொத்தி, தண்டங்கீரை விதையைத் தூவி, பிள்ளைகளை வரிசையாக நிறுத்தித் தண்ணீர் தெளிக்க வைத்தேன். ஒரு வாரம் ஆனது. இரண்டு வாரம் ஆனது. ஒன்றும் தலைகாட்டவில்லை. விதைக் கடைக்காரனைத் திட்டினேன். வெயிலைத் திட்டினேன். காக்காய்தான் தின்றுவிட்டது என்று ஒரு பழைய சட்டையைக் குச்சியில் மாட்டி வைத்தேன்.

மூன்றாம் வாரம் யாழினி மண்ணில் விரலை வைத்து நாக்கில் தொட்டுப் பார்த்தாள்.

"மிஸ், இந்த மண்ணு கரிக்குது. இதுல ஒண்ணும் வராது."

"சீ, துப்புடி! மண்ணை யாராவது வாயில வைப்பாங்களா?"

"எங்க தெருவுல எல்லாரும் இப்டித்தான் மிஸ் பாப்பாங்க. கெணறு தோண்டறப்பவும் இப்டித்தான் பாத்தாங்க."

மற்ற பிள்ளைகளும் ஆளுக்கொரு விரல் தொட்டு வைத்து, ஆமாம் மிஸ் கரிக்குது, ரொம்பக் கரிக்குது என்று தீர்ப்பு சொல்லிவிட்டார்கள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அவர்கள் சொன்னதுதான் சரி.

எங்கள் வீட்டிலிருந்து ஒரு குட்டி யானை வண்டி நிறையச் செம்மண்ணும் எருவும் வரவழைத்தேன். செங்கல்லை அடுக்கி உயரமாக மேடை கட்டி, அதன்மேல் மண்ணைக் கொட்டினோம். குடிதண்ணீர்க் குழாயில் வரும் தண்ணீரை மட்டும்தான் ஊற்றுவது என்று சட்டம் போட்டோம். ஐந்தாம் நாள் காலை பிரேயர் நடந்துகொண்டிருக்கும்போதே தோட்டத்துப் பக்கமிருந்து ஒரு கத்தல். "மிஸ்! வந்துடுச்சு மிஸ்!" கடவுள் வாழ்த்தை அப்படியே விட்டுவிட்டு மொத்தப் பள்ளியும் ஓடியது. தலைமை ஆசிரியரும் ஓடினார்.

அதற்குப் பிறகு பாடம் தானாக நடந்தது. காராமணியை ஈரப் பஞ்சில் வைத்துக் கொண்டுவரச் சொன்னால், முளை எவ்வளவு வந்திருக்கிறது என்று பார்க்க மணிக்கு ஒரு தடவை டப்பாவைத் திறப்பார்கள். கணக்குப் பாடத்தின் நடுவே "மிஸ், என்னுது வாலு விட்டுருச்சு" என்று குரல் வரும். அது வால் இல்லை, வேர் என்று எத்தனை தடவை சொன்னாலும் அவர்களுக்கு அது வால்தான்.

யார் விவசாயி?

ஒருநாள் நமக்கு உணவு தருபவர்கள் பற்றிய பாடம். விவசாயி யார் என்று கேட்டேன். நெல் விளைவிப்பவர், கடலை போடுபவர், மாடு வைத்திருப்பவர் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள்.

யாழினி எழுந்தாள். "மிஸ், எங்கம்மா விவசாயியா?"

அவள் அம்மா தேவகி உப்பளத்தில் உப்பு வாருபவர். விடியும் முன்பே போய்விடுவார்.

"இல்லடா. உப்பு உயிருள்ள பொருள் இல்லல்ல? வளராது, மூச்சு விடாது, குட்டி போடாது. அதனால அது விவசாயம் இல்ல."

"அதுவும் பாத்திலதான் மிஸ் வெளையுது. தண்ணி பாச்சுறாங்க. மழ வந்தா வீணாப் போயிடுது."

நல்ல கேள்வி. நின்று யோசித்திருக்க வேண்டும். எனக்கோ மணி அடிப்பதற்குள் பாடத்தை முடிக்கும் அவசரம். உயிருள்ளவை, உயிரற்றவை என்று பலகையில் இரண்டு கட்டம் போட்டு உப்பை இரண்டாவதில் எழுதினேன். கூடவே ஒரு வாக்கியத்தையும் சேர்த்துவிட்டேன்.

"உப்பு வாரினதுக்கு அப்புறம் பாத்தில கடைசியா ஒரு தண்ணி நிக்கும்ல, அதுல மீன் இருக்குமா? புழு இருக்குமா? பாசி இருக்குமா? ஒண்ணும் இருக்காது. அந்தத் தண்ணில எதுவும் உயிரோட இருக்க முடியாது. புரிஞ்சுதா?"

புரிஞ்சுது மிஸ் என்று எல்லோரும் கத்தினார்கள். நான் சொன்ன எத்தனையோ நல்ல விஷயங்கள் அவர்கள் காதில் ஏறாமல் போயிருக்கின்றன. இது மட்டும் ஒரு பிள்ளைக்கு நன்றாக ஏறிவிட்டது.

தட்டில் ஒரு புழு

முதல் அறுவடை சத்துணவுக்குப் போனது. சமையல் செய்பவர் அஞ்சலை அக்கா. என்னைவிடப் பத்து வயதாவது பெரியவர். அதிகம் பேசமாட்டார். கீரையைப் பருப்போடு கடைந்து கொடுத்தார். நாங்க வளர்த்தது, நாங்க வளர்த்தது என்று பிள்ளைகள் தட்டை வழித்துச் சாப்பிட்டார்கள்.

இரண்டாவது அறுவடையில் ஒருவன் தட்டில் புழு கிடந்தது. வெந்துபோன, பச்சை நிறத்தில், அரை விரல் நீளம். அவன் அதைத் தட்டின் ஓரத்தில் எடுத்து வைத்து எல்லோருக்கும் காட்டினான். ஒரு பிள்ளைகூட அதற்குமேல் கீரையைத் தொடவில்லை. அந்த வாரம் முழுக்கக் கீரைக் குழுவுக்குப் "புழுக் குழு" என்று பெயர்.

யாழினி அழுதாள். அந்தப் புழுதான் பிறகு பட்டாம்பூச்சி ஆகும், அதைக் கொல்ல வேண்டாம், கையால் எடுத்துத் தூரப் போட்டால் போதும் என்று நான் பாடம் நடத்தினேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். ஆனால் பட்டப்பெயரைச் சுமந்துகொண்டு திரிபவளுக்குப் பட்டாம்பூச்சியின் எதிர்காலத்தைப் பற்றி என்ன அக்கறை இருக்கும்?

ஒரு வாய்

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். பங்குனி வெயில். மூன்றாவது அறுவடை.

சத்துணவைப் பிள்ளைகளுக்குப் போடும் முன்பு ஆசிரியர் ஒருவர் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அன்று என் முறை. அஞ்சலை அக்கா வழக்கம்போலச் சின்னத் தட்டில் கொஞ்சம் சோறும் கீரையும் வைத்து, ஒரு ஸ்பூனும் போட்டு, நோட்டோடு என் மேஜையில் கொண்டுவந்து வைத்தார்.

நான் செல்போனில் ஏதோ விவரம் ஏற்றிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டரைக்குள் ஏற்ற வேண்டும். பாதியில் அது சுற்றிச் சுற்றி நின்றுவிடும். மறுபடி முதலிலிருந்து. எரிச்சலில் தட்டைத் திரும்பிப் பார்க்காமலே நோட்டை இழுத்துக் கையெழுத்துப் போட்டேன். "போடலாம்க்கா" என்றேன். பிறகு அந்தத் தட்டை ஜன்னல் வழியாகக் காக்காய்க்குக் கொட்டிவிட்டேன்.

பந்தி பாதியில் இருக்கும்போது குரல்கள் வந்தன. கீரை கரிக்குது, கசக்குது. ஆனால் புழு இல்லை என்பதாலும், முட்டை போட்ட நாள் என்பதாலும், கீரைக் குழு ஆளாளுக்கு நின்று மிரட்டியதாலும் முக்கால்வாசிப் பேர் சாப்பிட்டுவிட்டார்கள்.

நான் சமையலறை வாசலுக்குப் போனேன். என் வாய் எப்போதும் எனக்கு முன்னால் போய்விடும்.

"என்னக்கா இது? உப்பைக் கண்ணை மூடிக்கிட்டுப் போட்டீங்களா? பிள்ளைங்க சாப்பிடுறதுன்னு ஒரு நெனப்பு வேணாமா?"

"எப்பவும் போடற அளவுதான் டீச்சர் போட்டேன்."

தலைமை ஆசிரியர் சத்தம் கேட்டு வந்தார். ஓய்வுபெற இரண்டு வருடம் இருக்கும் மனிதர், எதற்கும் பதறமாட்டார். "இன்னிக்கு ருசி பாத்தது யாரு?" என்றார்.

"நான்தான் சார்."

"உங்களுக்குக் கரிக்கலையா?"

"இல்ல சார். நான் பாத்தப்ப சரியாத்தான் இருந்துச்சு."

அவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய். எனக்கு மூச்சுகூட வாங்கவில்லை.

"அதுக்கப்புறம் உப்பு சேத்தியாம்மா?" என்று அவர் அஞ்சலை அக்காவைக் கேட்டார். அக்கா என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு, "தெரியல சார்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

நான் வெற்றி வீராங்கனை மாதிரி குழாயடிக்கு நடந்து வந்தேன். அங்கேதான் யாழினி என் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

எல்லாவற்றுக்கும் ஆமாம்

மருந்து என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு ஒன்றே ஒன்றுதான் நினைவுக்கு வந்தது. அந்த வாரம்தான் யாழினி, உள்ளூரில் இருக்கும் தன் மாமா வேர்க்கடலைக்கு மருந்து அடித்ததை வகுப்பில் கதை கதையாகச் சொல்லியிருந்தாள். மூக்கில் துண்டு கட்டிக்கொண்டு, முதுகில் டேங்க் மாட்டிக்கொண்டு.

"என்ன மருந்துடி? எங்கேந்து எடுத்த?"

கத்தியிருக்கிறேன். தோளைப் பிடித்து உலுக்கியும் இருக்கிறேன். அவள் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"மாமா வீட்லேந்தா?"

தலையை ஆட்டினாள்.

"வேர்க்கடலைக்கு அடிச்சதா?"

அதற்கும் ஆட்டினாள்.

பயந்துபோன குழந்தை எதைக் கேட்டாலும் ஆமாம் என்றுதான் தலையாட்டும். இருபது வருடம் பாடம் நடத்தியவளுக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் அந்த நிமிடம் தெரியவில்லை.

தோட்டத்துச் செங்கல் மேடைக்குப் பின்னால் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் கேன் கிடந்தது. லேபிள் கிழிந்திருந்தது. அடியில் கொஞ்சம் தண்ணீர், எண்ணெய் மாதிரி விரலில் வழுக்கியது. மோந்து பார்த்தேன். வாசனை இல்லை. அதுவே எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

தலைமை ஆசிரியர் முதல் தடவையாகப் பதறியதைப் பார்த்தேன். ஆம்புலன்சுக்கு போன் போட்டார். சுகாதார நிலையத்து நர்சம்மாவுக்குப் போட்டார். நாங்கள் பிள்ளைகளை வேப்பமரத்தடியில் உட்கார வைத்தோம். எதையும் சொல்லக் கூடாது என்று நினைத்தோம். ஆனால் பிள்ளைகளிடம் எதை மறைக்க முடியும்? கீரையில் விஷமாம் என்று ஒருவன் சொன்னான். உடனே எட்டுப் பேருக்கு வயிறு வலித்தது. கீரையே சாப்பிடாத ஒரு பெண்ணுக்கும் வலித்தது. தர்ஷன் என்று ஒரு இரண்டாம் வகுப்புப் பையன் நிஜமாகவே வாந்தி எடுத்தான்.

அவன் முதுகைத் தடவிக்கொண்டு நின்றபோது எனக்குள் ஒரே கணக்குத்தான் ஓடியது. நான் ஒரு வாய் வைத்திருந்தால் போதும். கரிக்கிறது, கசக்கிறது, போடாதீங்கக்கா என்று சொல்லியிருப்பேன். ஒரு பிள்ளைகூடச் சாப்பிட்டிருக்காது.

விஷயம் தெரிந்து பெற்றோர் ஓடிவந்தார்கள். ஓடிவந்தவர்கள் சமையலறையைத்தான் முதலில் தேடினார்கள்.

"இன்னாத்த போட்டு ஆக்குன நீ? கண்ணு தெரியலயா உனுக்கு?"

"பெத்தவளா இருந்தா இப்டி ஆக்குவியா?"

அஞ்சலை அக்கா கதவோரம் நின்றார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தார். எதுவும் சொல்லவில்லை. நானும் எதுவும் சொல்லவில்லை.

தேவகியின் கேன்

நர்சம்மா ஸ்கூட்டியில் வந்து இறங்கி, ஒவ்வொரு பிள்ளையாகக் கண்ணை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆம்புலன்சும் வந்துவிட்டது. யாழினி தனியாக, சுவரோரம், காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில் யாரும் போகவில்லை.

அப்போது கேட்டைத் தள்ளிக்கொண்டு தேவகி வந்தார். உப்பளத்திலிருந்து நேராக வந்திருந்தார். முழங்கால் வரை உப்பு காய்ந்து வெள்ளையாக இருந்தது. கூட்டத்தைக்கூட அவர் கவனிக்கவில்லை, கோபம் அப்படி.

"ஏய் யாழினி! என் தண்ணி கேன எடுத்தாந்துட்டியா நீ? பள்ளிக்கூடம் போறவ அந்தப் பக்கமாதான வந்த? காலைலேர்ந்து நாக்கு வறண்டு செத்துக்கினு இருக்கேன்டி!"

பிறகு என் கையில் இருந்ததைப் பார்த்தார். "இதோ இருக்குதே!"

"இது உங்க கேனா?" என்றேன்.

"ஆமா டீச்சர். எண்ண கேனு. நல்லா கழுவி வெச்சி, குடிக்க தண்ணி ஊத்தினு போறது."

"மருந்து கேன் இல்லையா? உங்க தம்பி கடலைக்கு அடிக்கிற மருந்து?"

"மருந்தா? அவன் மருந்து வெக்கிற எடம் எனுக்கே தெரியாது. இன்னா டீச்சர் சொல்றீங்க?"

நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் கேனை வாங்கி, மிச்சமிருந்ததை உள்ளங்கையில் சாய்த்தார். வேண்டாம் வேண்டாம் என்று நானும் நர்சம்மாவும் பாய்ந்தோம். அதற்குள் நாக்கில் தொட்டுவிட்டார். முகத்தைச் சுளித்துத் துப்பினார்.

"தூ! இது எங்க பாத்தித் தண்ணி டீச்சர். உப்பு வாரினப்புறம் கடசியா நிக்கும்ல, கசக்கும், அது. இத ஏன்டி புடிச்சாந்த?"

யாழினி அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டாள். அப்புறம்தான் அவளுக்குப் பேச்சு வந்தது. விக்கலும் அழுகையுமாக வந்தது.

"மிஸ்தாம்மா சொன்னாங்க. அந்தத் தண்ணில எதுவும் உயிரோட இருக்காதுன்னு. நேத்தே ஒரு புழுவப் புடிச்சி, ஒரு மூடில அந்தத் தண்ணிய ஊத்திப் போட்டுப் பாத்தேன். செத்துப்போச்சு. அதான் கீரையெல்லாம் அதுல முக்குனேன். அப்புறம் நல்லா ஒதறிட்டுதான் குடுத்தேன்."

குழாயில் அன்று தண்ணீர் நூல் மாதிரிதான் வந்தது என்று அஞ்சலை அக்கா கதவோரத்திலிருந்து சொன்னார். ஒரு தடவைதான் அலச முடிந்ததாம்.

நர்சம்மா டாக்டரிடம் போனில் பேசினார். பேசிக்கொண்டே எங்களைப் பார்த்துக் கையைக் கீழே காட்டினார், பயப்படாதீங்க என்கிற மாதிரி. போனை வைத்துவிட்டுச் சொன்னார்.

"ஒண்ணும் ஆகாது. சாப்பிட்டதும் கொஞ்சம்தான். ரெண்டு மூணு பேருக்கு வயிறு எளகலாம். தண்ணி நெறைய குடுங்க. எதுக்கும் சாயங்காலம் வரைக்கும் நான் இங்கயே இருக்கேன்."

தர்ஷன் வாந்தி எடுத்ததற்குக் காரணமும் தெரிந்தது. முட்டை பிடிக்காத மூன்று பேரின் முட்டையை அவனே சாப்பிட்டிருந்தான்.

வேப்பமரத்தடியில் மண்ணிலேயே உட்கார்ந்து அழுதேன். அத்தனை சந்தோஷமாக அதற்குமுன் நான் அழுததில்லை. பிள்ளைகள் என்னைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். வயிற்று வலிக்காரர்கள் எட்டுப் பேரும் அதற்குள் ஓடிப்பிடித்து விளையாட ஆரம்பித்திருந்தார்கள்.

தேவகி ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொரு சொம்பு கேட்டார். அதையும் குடித்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இப்போது கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"ஏன் டீச்சர், அந்தத் தண்ணில எதுவும் உயிரோட இருக்காதுன்னா சொல்லிக் குடுத்தீங்க?"

"ஆமாங்க."

"நாங்க அதுலதான நாள் பூரா நின்னுக்கினு இருக்கோம்?"

கேட்டுவிட்டு எழுந்து, மகளின் மூக்கைத் துடைத்துவிட்டு, காலிக் கேனைக் கழுவக் குழாயடிக்குப் போனார்.

அடுத்த வாரம் வகுப்பில் அந்த வாக்கியத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். மிஸ் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றேன். உப்புப் பாத்தித் தண்ணீர் சில சமயம் ரோஸ் நிறமாகத் தெரிவதே கண்ணுக்குத் தெரியாத சின்ன உயிர்கள் அதில் இருப்பதால்தான் என்று படித்துவிட்டு வந்து சொன்னேன். "அப்ப அந்தப் புழு ஏன் மிஸ் செத்துச்சு?" என்று யாழினி கேட்டாள். இந்த முறை மணி அடித்த பிறகும் பாடம் நடந்தது.

நோட்டில் எழுதியது

அன்று கூட்டம் கலையும் முன்பே அந்த இன்னொரு விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். எல்லோரும் சிரித்துக்கொண்டே போனார்கள், ஒருவராவது சமையலறைப் பக்கம் திரும்பி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அக்கா உள்ளே தனியாகப் பெரிய குண்டானைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

தலைமை ஆசிரியரிடம் போனேன். "சார், நான் ருசி பாக்கவே இல்ல. சும்மா கையெழுத்துப் போட்டுட்டேன். அக்கா மேல எந்தத் தப்பும் இல்ல. உங்ககிட்ட பொய் சொன்னேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"என்கிட்ட சொல்லி என்னம்மா? திட்டு வாங்கினது நானா?"

நோட்டில் என் கையெழுத்துக்குக் கீழே, சுவைத்துப் பார்க்கவில்லை என்று எழுதினேன். மறுநாள் காலை பிள்ளைகளை விட வந்த பெற்றோரைப் பள்ளி வாசலில் நிறுத்தி, நடந்ததைச் சொன்னேன். என் தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னேன். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒரு அம்மா மட்டும் நேராகச் சமையலறைக்குப் போய் அஞ்சலை அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ பேசினார்.

அவர் போன பிறகு நான் போனேன்.

"அக்கா, நான் நேத்து உங்களை மாட்டிவிட்டுட்டேன்."

அவர் பருப்பைக் கிண்டிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"மன்னிச்சிடுங்கக்கா."

"அடுப்பு கிட்ட நிக்காதீங்க டீச்சர். புடவ பறக்குது" என்றார். அவ்வளவுதான். கோபமா, இல்லையா, ஒன்றும் பிடிபடவில்லை. வகுப்புக்கு வந்துவிட்டேன்.

பன்னிரண்டு மணிக்கு அவர் சின்னத் தட்டைக் கொண்டுவந்தார். அன்று என் முறை இல்லை. ஆனாலும் என் மேஜையில்தான் வைத்தார். சாம்பார் சாதம். வைத்துவிட்டுப் போகாமல், இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

நான் செல்போனை மேஜை டிராயரில் போட்டு மூடினேன். ஒரு வாய் எடுத்து மென்றேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டாவது வாய். பருப்பு நன்றாக வெந்திருந்தது. கத்தரிக்காய் பதமாக இருந்தது. ஆனால் உப்பு இல்லை. சுத்தமாக இல்லை.

சங்கடமாகிவிட்டது. நேற்று அவ்வளவு பேச்சு வாங்கிய மனுஷி. பயத்தில் உப்பே போடாமல் விட்டிருக்கிறார். இன்றைக்கும் நான் குறை சொல்வதா? நல்லா இருக்குக்கா என்று சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டு நிமிர்ந்தேன்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. உப்பே இல்ல."

அஞ்சலை அக்காவின் முகத்தில் மெல்லச் சிரிப்பு வந்தது.

"தெரியும் டீச்சர். சொல்றீங்களான்னு பாத்தேன்" என்று சொல்லிவிட்டு, உப்புப் போடச் சமையலறைக்குப் போனார்.